வேதத்துக்கு உரை சொல்லும் உரிமை யாருக்கு?

1519ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில், பிளைசன்பர்க் கோட்டைக்குள் இரண்டு இறையியல் பேராசிரியர்கள் நாள்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், பின்னாளில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தின் தலைவராக அறியப்பட்ட விட்டன்பர்க்கின் மார்ட்டின் லூதர். மற்றவர் இங்கோல்ஷ்டாட்டின் யோஹான் எக். அபார நினைவாற்றலும் அரங்கை அதிரவைக்கும் குரலும் கொண்டவர். பேச்சு திருத்தந்தையின் அதிகாரத்தைப் பற்றியது. ஆனால் எக்கின் கணக்கு வேறு. நூறாண்டுகளுக்கு முன், 1415இல், யான் ஹுஸ் என்ற செக் நாட்டுப் போதகரைக் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் திரிபுக் கொள்கையாளர் என்று தீர்ப்பிட்டு எரிக்கக் கொடுத்திருந்தது. லூதரின் வாயாலேயே ஹுஸுக்கு ஆதரவாக ஒரு சொல் வரவழைத்துவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும் என்று எக் காத்திருந்தார்.

வந்துவிட்டது. கான்ஸ்டன்ஸில் கண்டிக்கப்பட்ட ஹுஸின் கூற்றுகளில் பல கிறிஸ்தவத்துக்கும் நற்செய்திக்கும் இசைந்தவைதாம் என்று லூதர் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த சாக்சனி கோமகன் ஜார்ஜ் அவையிலேயே சாபமிட்டார் என்பார்கள். திருத்தந்தை தவறலாம் என்பது அந்தக் காலத்தில் யாரும் கேட்டிராத பேச்சல்ல. பொதுச்சங்கம் அவருக்கும் மேலானது என்று வாதிட்ட இறையியலாளர்கள் 15ஆம் நூற்றாண்டில் நிறையவே இருந்தார்கள். பொதுச்சங்கமும் தவறலாம் என்பதுதான் இடி. இரண்டு ஆண்டுகள் கழித்து வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னிலையில் லூதர் இதையே விரித்துச் சொன்னார். திருத்தந்தையரும் சங்கங்களும் பலமுறை தவறியிருக்கிறார்கள், தமக்குள் முரண்பட்டும் இருக்கிறார்கள். வேதத்தின் சாட்சியாலோ தெளிவான நியாயத்தாலோ ஒப்புக்கொள்ள வைத்தாலன்றிப் பின்வாங்க மாட்டேன் என்றார்.

இதிலிருந்துதான் பழகிப்போன சித்திரம் ஒன்று பிறந்தது: சீர்திருத்தச் சபையார் வேதத்தைப் பிடித்துக்கொண்டார்கள், கத்தோலிக்கர் மரபைப் பிடித்துக்கொண்டார்கள். மேடைப் பிரசங்கத்துக்கு இது வசதியான சித்திரம். வரலாற்றில் இறங்கிப் பார்த்தால் இரு தரப்பும் வேதத்தைக் காட்டியே பேசியிருக்கின்றன, இரு தரப்பும் மரபின்மீது நின்றே பேசியிருக்கின்றன. வேதத்தை வாசித்துவிட்டு ‘இதுதான் பொருள், விவாதம் முடிந்தது’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் சண்டை.

அதே லைப்சிக் விவாதத்தின் இன்னொரு நாளையே எடுத்துக்கொள்ளலாம். பேச்சு உத்தரிக்கிற ஸ்தலத்துக்குத் திரும்பியது. எக் காட்டியது ஒரு நூலை: மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம். போரில் விழுந்த யூத வீரர்களை அடக்கம் செய்ய எடுக்கிறார்கள். ஒவ்வொரு பிணத்தின் ஆடைக்குள்ளும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து. யூதச் சட்டம் விலக்கிய பொருள். தளபதி யூதா மக்கபே தம் ஆட்களிடம் இரண்டாயிரம் வெள்ளித் திராக்மா திரட்டி, இறந்தவர்களின் பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்புகிறார். இறந்தவர்களுக்காக மன்றாடுவதில் பயன் உண்டென்றால், விண்ணகத்திலும் சேராமல் நரகத்திலும் விழாமல் அவர்கள் ஓர் இடைநிலையில் இருந்தாக வேண்டும் என்பது எக்கின் வாதம். லூதர் என்ன செய்தார்? அந்த நூல் திருமுறைப் பட்டியலில் சேர்ந்ததல்ல என்றார். ஒரு நூலுக்கு அதனிடத்தில் இல்லாத அதிகாரத்தைத் திருச்சபை கொடுத்துவிட முடியாது என்றும் சொன்னார்.

வேதமே போதும் என்பவர் முதலில் எது வேதம் என்று சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியல் வேதத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்று நாம் அறிந்தபடியே பட்டியலிட்டது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய பாஸ்கா மடல். 393இல் ஹிப்போவிலும் 397இல் கார்த்தேஜிலும் கூடிய வட ஆப்பிரிக்கச் சங்கங்கள் மக்கபேயர் நூல்களையும் சேர்த்துப் பட்டியல் கொடுத்தன. ஹிப்போவின் பேரறிஞர் அகுஸ்தீன் அந்தப் பக்கம். எபிரேய மூலத்தில் இல்லாதவற்றைத் தள்ளிவைத்துப் பேசியவர், வேதத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம். லூதர் ஜெரோமின் வழியில் நின்றார், அவ்வளவுதான். 1522இல் தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டை வெளியிட்டபோது எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் ஆகிய நான்கையும் எண் கொடுக்காமல் கடைசியில் வைத்தார். யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றே முன்னுரையில் எழுதினார். விசுவாசத்தால் மட்டும் நீதிமானாவது என்ற அவரது அடிப்படைப் போதனைக்கு அந்த நிருபம் இடைஞ்சல். எது வேதம் என்பதை அளக்க அவர் கையில் ஏற்கெனவே ஒரு கோல் இருந்தது என்றுதான் இதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்விக்கு, லூதருக்கு அடுத்த தலைமுறைச் சீர்திருத்தவாதியான கால்வின் சொன்ன பதில் சாமர்த்தியமானது. வெள்ளையையும் கறுப்பையும் பிரித்தறிய யாராவது சான்றிதழ் கொடுக்க வேண்டுமா? வேதம் தன்னைத்தானே காட்டிக்கொள்ளும். பரிசுத்த ஆவி வாசகரின் உள்ளத்தில் சாட்சி சொல்வார். திருச்சபை அங்கீகரித்ததே தவிர உருவாக்கவில்லை. யோவான் நற்செய்தியை வாசிக்கும்போது இந்தப் பதில் கனமாகத் தெரியும். யூதா நிருபத்தையும், சீர்திருத்தச் சபையார் ஏற்காத சீராக்கின் ஞானத்தையும் அருகருகே வைத்துவிட்டு உள்ளத்தின் சாட்சியை மட்டும் கொண்டு ஒன்றை எடுத்து ஒன்றைத் தள்ள முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அதற்காகக் கத்தோலிக்கத் தரப்பும் மார்தட்டிக்கொள்ள முடியாது. 1518இல் ஆக்ஸ்பர்க் நகரில் லூதரை விசாரித்த கர்தினால் கயத்தான், இந்தப் பட்டியல் விஷயத்தில் ஜெரோமின் கட்சி! அகுஸ்தீன் சொல்வதையும் சங்கங்கள் சொல்வதையும் ஜெரோமை வைத்தே சரிபார்க்க வேண்டும் என்று அவர் எழுதினார். திருச்சபை தெளிவாகச் சொல்லிவிட்டது என்று இரு தரப்பும் நினைத்த விஷயத்தில், ரோமின் தலைசிறந்த இறையியலாளரே அப்படி நினைக்கவில்லை.

மரபு என்ற வாதம் எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போனால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. எழுதப்படாத மரபு தங்களிடம் இருப்பதாக இரண்டாம் நூற்றாண்டில் உரிமை கொண்டாடியவர்கள் ஞானவாதக் குழுக்கள். அப்போஸ்தலர்கள் ஊருக்கு ஒன்று சொன்னார்கள், தேர்ந்தெடுத்த சிலருக்குக் காதோடு காதாக வேறொன்று சொன்னார்கள், அது எங்களிடம் இருக்கிறது என்றார்கள். சுமார் 180இல் லியோன் நகர ஆயர் இரனேயு இவர்களுக்கு எழுதிய மறுப்பில் எரிச்சல் அப்படியே தெரிகிறது: வேதத்தைக் காட்டினால் வேதம் தெளிவாக இல்லை என்கிறார்கள், மரபைக் காட்டினால் தங்களுக்கு அப்போஸ்தலர்களைவிட அதிகம் தெரியும் என்கிறார்கள். அவர் வைத்த மாற்று, பகிரங்கமான மரபு. ரோமைப் போன்ற சபைகளில் ஆயர்கள் ஒருவர்பின் ஒருவராக எல்லார் முன்னாலும் போதித்துவந்தது எதுவோ அதுதான் அப்போஸ்தலப் போதனை. ஒளித்துவைக்க அதில் ஒன்றுமில்லை. எதிரிகளும் வேத வசனங்களையே அள்ளி வீசினார்கள் என்பதை அவர் மறுக்கவில்லை. ஒரு சிற்பி மணிக்கற்களால் அரசனின் உருவத்தை இழைத்துவைத்திருக்கிறான். இன்னொருவன் அதே கற்களைப் பெயர்த்து நரியின் உருவமாக அடுக்கிவிட்டு, கல் அசல்தானே, ஆகவே இதுதான் அரசன் என்கிறான். வசனம் அசலாக இருப்பது போதாது, அடுக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பது இரனேயுவின் வாதம்.

அந்த அடுக்கைக் காப்பாற்றும் போராட்டம் எவ்வளவு சங்கடமானது என்பதை நிசேயா காட்டுகிறது. 325இல் அங்கே ஆயர்கள் கூடியபோது, இறைமகன் இயேசு படைக்கப்பட்டவர் என்ற அலெக்சாந்திரியா குரு ஆரியுவின் கொள்கை பேசப்பட்டது. ஆரியுவிடம் வசனம் இல்லாமல் இல்லை. ஆண்டவர் தம் வழிகளின் தொடக்கத்தில் ஞானத்தைப் படைத்தார் என்கிறது நீதிமொழிகள் 8. பிதா என்னிலும் பெரியவர் என்கிறது யோவான் 14. ஆயர்கள் முதலில் வேதத்தின் சொற்களாலேயே மறுப்பு எழுதப் பார்த்தார்கள். ஒவ்வொரு சொற்றொடரை முன்வைத்தபோதும் ஆரியுவின் ஆதரவாளர்கள் ஒருவருக்கொருவர் கண்சாடை காட்டி முணுமுணுத்துக்கொண்டார்கள் என்று எழுதுகிறார் அத்தனாசியு. இதை நாமும் ஏற்கலாம், இது மனிதருக்கும் பொருந்தும் என்று அவர்களுக்குள் சைகை. கடைசியில் வேதத்தில் எங்கும் இல்லாத ஒரு கிரேக்கச் சொல்லைக் கொண்டுவந்து, மகன் பிதாவோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கை செய்யவேண்டியதாயிற்று. சொல் வேதத்தில் இல்லை, பொருள் இருக்கிறது என்று அத்தனாசியு சமாதானம் சொன்னார். இன்று வேதத்தில் இல்லாத எதையும் ஏற்க மாட்டோம் என்று சொல்லும் சபைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த அறிக்கையின் போதனையை அப்படியே நம்புகின்றன. ஏற்காத யெகோவாவின் சாட்சிகளும் கையில் வேதத்தைத்தான் வைத்திருக்கிறார்கள்.

லெரின்ஸ் தீவுத் துறவி வின்சென்ட் 434 வாக்கில் இதை நேராகவே கேட்டார். வேதம் நிறைவானது, எல்லாவற்றுக்கும் அதுவே போதும். பிறகு திருச்சபையின் விளக்கம் எதற்கு? ஏனென்றால் அதன் ஆழம் காரணமாக எல்லாரும் அதை ஒரே விதமாக வாசிப்பதில்லை. திருச்சபை தள்ளிய போதகர்களே சாட்சி: நொவாசியன் ஒருவிதம், சபெல்லியு ஒருவிதம், ஆரியு ஒருவிதம். எங்கும், எப்போதும், எல்லாராலும் நம்பப்பட்டது எதுவோ அதைப் பிடித்துக்கொள் என்பது அவர் தந்த அளவுகோல். காதுக்கு இனிய விதி. அளக்கப் போனால் எங்கும், எப்போதும், எல்லாரும் ஏற்ற விஷயம் மிகச் சிலவே தேறும்.

மூலம், உரை என்று பிரித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இதுவரை சொன்னது கடினமாக இராது. இந்த ஆசிரியர்களுக்கு மரபு என்பது பெரும்பாலும் மூலத்துக்குத் திருச்சபை வழிவழியாகச் சொல்லிவந்த உரை. மூலத்தில் இல்லாத தனிச் செய்தி என்ற பொருள் பிறகுதான் வலுத்தது. அதன் விதையைச் செசரியா ஆயர் பசிலியோவிடம் காணலாம். பரிசுத்த ஆவியையும் பிதாவோடும் மகனோடும் சேர்த்துப் புகழ்வதற்கு வேதத்தில் எங்கே வசனம் என்று அவரை மடக்கியபோது, சுமார் 375இல் எழுதிய மறுமொழியில் அவர் திருப்பிக் கேட்டார்: சிலுவை அடையாளம் வரைகிறோமே, கிழக்கு நோக்கி ஜெபிக்கிறோமே, மும்முறை நீரில் மூழ்க வைக்கிறோமே, இவையெல்லாம் எந்த வசனத்தில் இருக்கின்றன? வழிபாட்டு முறைகளைப் பற்றிய இந்தப் பேச்சு, மத்திய காலத்துச் சட்ட அறிஞர்கள் கையில் போதனைக்கும் பொருந்தும் தனி ஊற்றாக விரிந்தது. 20ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஹெய்கோ ஓபர்மன் இந்த இரண்டு பொருள்களையும் பிரித்துக் காட்டிய பிறகுதான், 16ஆம் நூற்றாண்டுச் சண்டையில் இரு தரப்பும் ஒரே சொல்லை வைத்து வேறு வேறு பொருளில் பேசியது புலப்பட்டது.

இனி திரெந்து. சீர்திருத்தத்துக்குப் பதில் சொல்ல அந்த நகரில் 1545 டிசம்பரில் தொடங்கிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம் சில மாதங்களிலேயே இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. 1546 மார்ச்சில் வைக்கப்பட்ட வரைவு, நற்செய்தியின் உண்மை ஒரு பகுதி எழுதப்பட்ட நூல்களிலும் ஒரு பகுதி எழுதப்படாத மரபுகளிலும் அடங்கியிருக்கிறது என்றது. அவைக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. செர்வைட் துறவற சபைத் தலைவர் அகோஸ்தீனோ பொனூச்சி எழுந்து, நற்செய்தியின் உண்மை முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது, பகுதியாக அல்ல என்றார். கியோஜா ஆயர் நாக்கியான்தி அதற்கும் மேலே போனார்; நூல்களையும் மரபுகளையும் சம பக்தியோடு ஏற்க வேண்டும் என்ற தொடர் பக்திக்கே விரோதமானது என்று சொல்லி அவையைக் கொந்தளிக்க வைத்தார். ஏப்ரல் 8இல் நிறைவேறிய ஆணையில் ‘ஒரு பகுதி, ஒரு பகுதி’ மறைந்துவிட்டது; எழுதப்பட்ட நூல்களிலும் எழுதப்படாத மரபுகளிலும் என்று மட்டும் நின்றது. ‘சம பக்தி’ அப்படியே இருந்தது.

ஏன் மாற்றினார்கள் என்பதற்குச் சங்கப் பதிவுகளில் விளக்கம் இல்லை. இந்த மௌனத்தை வைத்து 400 ஆண்டுகளுக்குப் பிறகு கத்தோலிக்க இறையியலாளர்கள் பெரிய சண்டையே போட்டார்கள். திரெந்து கேள்வியைத் திறந்தே விட்டுவிட்டது, வேதத்தில் எல்லாம் இருக்கிறது என்று கத்தோலிக்கரும் நம்பலாம் என்றார் டூபிங்கன் பேராசிரியர் கைசல்மன். சொல் மாறியது, கருத்து மாறவில்லை என்றார்கள் எதிர்த்தவர்கள். ஆனால் அதே ஏப்ரல் 8இல் நிறைவேறிய இரண்டாவது ஆணையை இரு சாராருமே மறுக்க முடியாது: வேதத்தின் உண்மைப் பொருளைத் தீர்மானிப்பது தாய்த் திருச்சபையின் உரிமை, அது கொண்டிருக்கும் பொருளுக்கு மாறாக எவரும் சொந்த அறிவை நம்பி வேதத்தைத் திரிக்கக் கூடாது. ஊற்று ஒன்றா இரண்டா என்பதைவிட இந்த ஆணைதான் பிளவின் நடுநரம்பு என்று நினைக்கிறேன். எல்லாம் வேதத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் தீர்ப்பு ரோமிடம்.

சீர்திருத்தத் தரப்புக்கு இந்தத் தீர்ப்பாளர் இல்லாத குறை திரெந்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. 1529 அக்டோபரில் லூதரும் சூரிக் நகரச் சீர்திருத்தவாதி சுவிங்லியும் மார்பர்க் கோட்டையில் சந்தித்தார்கள். இருவருக்கும் வேதமே அதிகாரம், இருவருக்கும் ரோம் எதிரி. பதினைந்து தீர்மானங்களில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். மீதி ஒன்று திருவிருந்து: அப்பம் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலா, அதன் அடையாளமா என்ற கேள்வி. லூதர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் ‘இது என் உடல்’ என்ற இயேசுவின் சொல்லை லத்தீனில் எழுதி, துணியால் மூடிவைத்தார்; சுவிங்லி வேதச் சான்று கேட்டபோது துணியை விலக்கிக் காட்டினார். மாம்சம் ஒன்றுக்கும் உதவாது என்ற யோவான் 6ஐ சுவிங்லி காட்டினார். பிரிந்து போனார்கள், சேரவே இல்லை.

சூரிக்கில் சுவிங்லிக்கு அவருடைய மருந்தே திரும்பி வந்தது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேதத்தில் கட்டளை எங்கே என்று அவருடைய மாணவர்களே கேட்டார்கள். விருத்தசேதனத்தின் இடத்தில் ஞானஸ்நானம் வந்தது, அப்போஸ்தலர் காலத்தில் வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று அவர் விளக்கினார். அவர்களுக்கு அது போதவில்லை. 1525 ஜனவரி 21இல் கொன்ராட் கிரேபல் தம் நண்பர் ஒருவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார். அந்தக் கூட்டம் நடந்த வீட்டைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் நகர மன்றம் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. வேதத்தை மட்டும் நம்பும் நகரத்தில், வேதத்தின் பொருளைக் கடைசியாகத் தீர்மானித்தது நகர மன்றமும் ஆறும்.

பொதுவாக லூதரும் கால்வினும் திருச்சபைத் தந்தையர் எனப்படும் பழங்கால ஆசிரியர்களைத் தூக்கியெறியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை, தங்கள் போதனையில் வேதத்துக்கும் பழைய திருச்சபை ஆசிரியர்களுக்கும் மாறானது எதுவுமில்லை என்று வாதிட்டது. கால்வின் அகுஸ்தீனை மேற்கோள் காட்டாத அத்தியாயம் குறைவு. மரபு சாட்சிக் கூண்டில் நிற்கலாம், நீதிபதி நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது அவர்கள் நிலை. மரபே தேவையில்லை, நானும் என் வேதாகமமும் போதும் என்ற நிலை பிற்காலத்தில் பரவியது. அப்படிச் சொல்லும் சபைகளிலும் மரபு வளராமல் இல்லை. நம் ஊரில் நகை அணியாமல், வெள்ளை உடை மட்டுமே உடுத்தும் பெந்தெகொஸ்தே சபைகள் உண்டு. நகைக்கு வசனம் காட்டுவார்கள். வெள்ளைக்குக் காட்டும் வசனம் அவ்வளவு நேராக இராது. அங்கே புதிதாகச் சேர்பவர் இரண்டையும் சபை வழக்கமாகத்தான் கற்றுக்கொள்கிறார்.

கிழக்குத் திருச்சபையின் பதில் சுருக்கம். டூபிங்கன் லூத்தரன் இறையியலாளர்கள் ஆக்ஸ்பர்க் அறிக்கையைக் கிரேக்கத்தில் பெயர்த்துக் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை இரண்டாம் எரேமியாவுக்கு அனுப்பினார்கள். ரோமை எதிர்ப்பவர்கள் ஆயிற்றே, ஒத்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. 1570களில் தொடங்கிய கடிதப் போக்குவரத்தில் அவர் பொறுமையாகப் பதில் எழுதினார்; தந்தையரின் விளக்கத்தை விட்டு வேதத்தை வாசிக்கவே முடியாது என்பது அவருக்குத் தெள்ளத் தெளிவு. 1581இல் மூன்றாவது பதிலில், உங்கள் வழியில் போங்கள், இனிக் கோட்பாடு பற்றி எழுத வேண்டாம், எழுதுவதானால் நட்புக்காக எழுதுங்கள் என்று முடித்துவிட்டார்.

ரோமின் பக்கத்தில் மரபு என்ற வாதத்துக்கு உண்மையான சோதனை 19ஆம் நூற்றாண்டில் வந்தது. மரியா பாவமாசின்றி உற்பவித்தார், அதாவது தம் தாயின் வயிற்றில் உருவானபோதே ஜென்மப் பாவம் இல்லாதவராக இருந்தார் என்பதை 1854இல் ஒன்பதாம் பயஸ் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். எங்கும் எப்போதும் எல்லாராலும் என்ற வின்சென்ட்டின் கோலால் இதை அளக்க முடியாது. 12ஆம் நூற்றாண்டில் இந்தத் திருநாளை எதிர்த்துக் கண்டித்தவர் மரியா பக்திக்கே பெயர்போன பெர்னார்து, பிறகு மறுத்துப் பேசியவர் தோமா அக்குவினா. ஆங்கிலிக்கன் குருவாயிருந்த ஜான் ஹென்றி நியூமன் இந்தச் சிக்கலை முன்கூட்டியே பார்த்தவர். கோட்பாடு விதையிலிருந்து மரமாக வளர்கிறது என்று அவர் விரித்து எழுதிய நூலும் அவர் கத்தோலிக்கரானதும் ஒரே ஆண்டு, 1845. மரபு வளரும் என்று ஒப்புக்கொண்டால் பழையது என்பது மட்டும் போதிய சான்றாகாது. எது நேரான வளர்ச்சி, எது கோணலான வளர்ச்சி என்று சொல்ல ஒருவர் வேண்டும். 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் அந்த ஒருவரைத் திருத்தந்தை என்று வரையறுத்தது. வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு, திருத்தந்தை ஆயர்களைக் கலந்து திருச்சபையின் மரபை அறிந்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று பேசிய கர்தினால் குயிதியை ஒன்பதாம் பயஸ் அழைத்து, ‘மரபே நான்தான்’ என்று கடிந்துகொண்டதாகச் சொல்லப்படுகிறது. மரபை வைத்து லூதரை எதிர்த்த திருச்சபையில், மரபை வைத்தே வாதிட்ட ஜெர்மன் வரலாற்றாசிரியர் டோலிங்கர் மறு ஆண்டு சபை விலக்கம் செய்யப்பட்டார். 1950இல் மரியாவின் விண்ணேற்பு கோட்பாடாவதற்கு முன், ஐந்தாம் நூற்றாண்டுக்கு முன் இதற்குச் சான்றில்லை என்று வியூர்ட்ஸ்பர்க்கின் அல்தானர் எழுதியதும் எடுபடவில்லை.

இதற்குப் பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்த விதம் வியப்பூட்டும். 1962 நவம்பரில் ‘வெளிப்பாட்டின் ஊற்றுகள்’ என்று பன்மையில் தலைப்பிட்ட வரைவு வந்தபோது ஆயர்கள் கொதித்தார்கள். அதை நிறுத்த 1,368 பேர் வாக்களித்தார்கள், தொடர 822 பேர். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைந்ததால் தீர்மானம் தோற்றது. ஆனால் மறுநாளே இருபத்துமூன்றாம் யோவான் வரைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1965 நவம்பர் 18இல் நிறைவேறிய ஏடு, வேதமும் மரபும் ஒரே தெய்வீக ஊற்றிலிருந்து பாய்கின்றன என்றது. திருத்தந்தையும் ஆயர்களும் கொண்டிருக்கும் ஆசிரிய அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்குப் பணி செய்வது என்றது. இதை லூதரே படித்திருந்தால் பாதி தலையசைத்திருப்பார். மறு பாதிக்கு அதற்கு முந்தைய வாக்கியம் இடம் தராது: இறைவார்த்தைக்கு அதிகாரபூர்வமாகப் பொருள் சொல்லும் பொறுப்பு அந்த ஆசிரிய அதிகாரத்திடம் மட்டுமே இருக்கிறது.

தமிழகத்துக்கு இந்தச் சண்டை கப்பலேறியே வந்தது. தமிழில் அச்சேறிய நூல்களின் வரிசையே அதைச் சொல்லிவிடும். போர்த்துக்கீசியர் காலத்து இயேசு சபையார் 1578இல் தம்பிரான் வணக்கம் என்ற ஞானோபதேசத்தையும், அதாவது மறைக்கல்வி நூலையும், 1586இல் புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் அடியார் வரலாற்றையும் அச்சிட்டார்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் சீகன்பால்கு எட்டு ஆண்டுகளில் நற்செய்திகளை அச்சுக்குக் கொடுத்துவிட்டார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதாக வந்தது. ஞானோபதேசமும் புனிதர் வரலாறும் முதலில் தேவை என்று ஒரு தரப்பு நினைத்தது, மூலநூல் முதலில் தேவை என்று மறு தரப்பு நினைத்தது. ஏலாக்குறிச்சியில் இருந்த இயேசு சபைக் குரு வீரமாமுனிவர் இதற்கு மறுப்பாக 1728இல் வேத விளக்கம் எழுதினார், பிறகு பேதகமறுத்தல். தரங்கம்பாடியாரின் மொழிபெயர்ப்புத் தமிழையும் அவர் விட்டுவைக்கவில்லை. தமிழ் உரைநடை வரலாற்றில் இந்தக் கண்டன நூல்களுக்கு இருக்கும் இடம், லைப்சிக் சண்டையிலிருந்து நமக்குக் கிடைத்த எதிர்பாராத வரவு.

அதே தரங்கம்பாடியில் 1919 மே மாதம் பெரும்பாலும் இந்தியப் போதகர்களே கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து, முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான அசரியா. பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் இழுத்தது. பெரிய முட்டுக்கட்டை பேராயர் பதவி. ஆங்கிலிக்கன்களுக்கு அது அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைவைத்துக் கைவைத்து வந்த தொடர்ச்சி. பிரெஸ்பிட்டேரியனுக்கும் காங்கிரிகேஷனலுக்கும் மெதடிஸ்டுக்கும் அப்படியொரு பதவி வேண்டுமென்று வேதம் எங்கும் கட்டளையிடவில்லை. வேண்டுமென்று ஒப்புக்கொண்டால் இதுவரை தங்கள் குருமார் கொடுத்த திருவிருந்தெல்லாம் என்ன என்ற கேள்வி வேறு. 1947 செப்டம்பர் 27இல் சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, யாழ்ப்பாணம் வரையுள்ள சபைகள் சேர்ந்தன. வேதம் உச்ச அளவுகோல், பழைய விசுவாச அறிக்கைகள் சாட்சி, பேராயர் பதவி வரலாற்றுத் தொடர்ச்சியோடு உண்டு. ஆனால் அந்தப் பதவிக்குக் குறிப்பிட்ட ஒரு விளக்கத்தை ஏற்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று அமைப்புச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். ஏற்கெனவே குருவாக இருந்தவர்களுக்கு மறுபடி அபிஷேகம் இல்லை. இனி வருபவர்களுக்குப் பேராயர் கை வைப்பார். முப்பது ஆண்டுகள் இப்படியே போகட்டும், பிறகு பார்க்கலாம். இந்தத் திட்டம் மரபை விற்றுவிட்டது என்று இங்கிலாந்தில் பலர் கொதித்தார்கள், கவிஞர் டி. எஸ். எலியட் 1943இலேயே இதை எதிர்த்துத் தனிப் பிரசுரம் எழுதியிருந்தார். அவர் சொன்ன குறை சரிதான்: அந்தப் பதவி எதற்காக இருக்கிறது என்பதில் உடன்படாமலேயே அதை வைத்துக்கொள்ள உடன்பட்டார்கள். அந்த உடன்பாட்டோடுதான் மறு ஞாயிறு எல்லாரும் ஒரே திருவிருந்துக்குப் போனார்கள்.